வழக்கைப் பேரனுக்கு எழுதிவைப்பது எப்படி?

வழக்கில் ஜெயிக்க வழி சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். டீக்கடை பெஞ்சில் ஒருவர், பத்திர எழுத்தர் வீட்டுத் திண்ணையில் ஒருவர், சொந்த வழக்கில் மூன்று கோர்ட்டிலும் தோற்ற அனுபவசாலி ஒருவர். ஆனால் ஜெயிப்பது அப்படியொன்றும் பெரிய காரியமில்லை. இரண்டு பேர் மோதினால் ஒருவர் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? ஜெயித்த மறுநாள் என்ன செய்வது என்பதுதான் கேள்வி. சலவை வேட்டி கட்டிக்கொண்டு, மஞ்சள் பையில் கிஸ்தி ரசீதுகளைத் திணித்துக்கொண்டு, காலை டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஒரு காரணம் வேண்டாமா?

ஆகவே இந்த வழிகாட்டி, வழக்கை முடிக்க நினைப்பவர்களுக்கு அல்ல. நல்ல சிவில் வழக்கு ஒன்றைத் தொடங்கி, சேதாரமில்லாமல் வளர்த்து, பேரன் கையில் ஒப்படைத்துவிட்டுக் கண்மூட விரும்பும் குடும்பத் தலைவர்களுக்கு மட்டும்.

சரக்கு

முதலில் எதற்காக வழக்கு என்று முடிவு செய்யுங்கள். வியாபாரக் கொடுக்கல் வாங்கல் பக்கம் போகாதீர்கள். 2015இல் வணிக நீதிமன்றங்களுக்கென்று தனிச் சட்டம் வந்துவிட்டது. அங்கே சம்மன் கிடைத்து 120 நாளுக்குள் பதிலுரை போடாவிட்டால் அந்த உரிமையே போய்விடும். நயமும் கிடையாது, பயமும் கிடையாது. நமக்கு ஏற்ற இடமல்ல அது. செக் கேஸும் வேண்டாம்: நோட்டீஸுக்கு இத்தனை நாள், பணம் கட்ட இத்தனை நாள், புகார் கொடுக்க இத்தனை நாள் என்று ஆரம்பமே கடிகாரம் பார்க்கிற சங்கதி.

நிலம்தான் உத்தமம். அதிலும் அதிக நிலம் கூடாது. ஐந்து ஏக்கர் என்றால் எவனாவது ஒருவன் விலை பேசிச் சமாதானம் செய்துவைத்துவிடுவான். ஒன்றரை சென்ட் போதும். உங்கள் வயலுக்கும் பங்காளி வயலுக்கும் நடுவே உள்ள வரப்பு, அல்லது இரண்டு வீட்டுக்கும் பொதுவான சந்து. எதிரி பங்காளியாகவே இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் வீட்டை விற்றுவிட்டு மகனோடு பெங்களூர் போய்விடலாம். பங்காளி எங்கும் போக மாட்டார். போனாலும் குலதெய்வப் படையலுக்குத் திரும்பி வந்தாக வேண்டும்.

ஆதாரம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மூலப்பத்திரத்தில் நான்கு எல்லை எழுதியவர் உங்கள் மேல் கருணை கொண்டவர். கிழக்கே இன்னார் புஞ்சை, மேற்கே பனைமரம், வடக்கே ஓடை என்று எழுதியிருப்பார். பனைமரம் விழுந்து அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். ஓடை இப்போது காலனி. போதாததற்கு, எண்பதுகளில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது உங்கள் தாத்தா பெயருக்குப் பதிலாகப் பங்காளியின் தாத்தா பெயர் ஏறியிருக்கும். அவர் பட்டாவை நீட்டட்டும், நீங்கள் பத்திரத்தை நீட்டுங்கள். பட்டா மட்டுமே உரிமை மூலமாகிவிடாது என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லிவருகின்றன. பத்திரத்தில் இருப்பதோ பனைமரம். இரண்டு பக்கமும் சம பலம். அருமையான ஆட்டம்.

இன்னும் உயர்ந்த ரகம் வேண்டுமென்றால் பாகப்பிரிவினை. அதில் முதல்நிலைத் தீர்ப்பாணை, இறுதித் தீர்ப்பாணை என்று இரண்டு முடிவுகள். முதலாவது வந்தவுடன் ஊரெல்லாம் வழக்கு முடிந்தது என்று நினைக்கும். உண்மையில் அப்போதுதான் அளந்து பிரிக்க மனுப் போட வேண்டும். அந்த மனுவுக்குக் காலவரம்பும் கிடையாது. நடுவில் யாராவது இறந்து பங்குகள் மாறினால் இன்னொரு முதல்நிலைத் தீர்ப்பாணையும் கேட்கலாம். சட்டமும் அவ்வப்போது கை கொடுக்கும். 1989இல் தமிழ்நாடு, திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகன்களோடு சம உரிமை கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் கொடுத்தது. அப்போது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சண்டை 2020 வரை ஓடி, வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெண்களுக்குப் பங்கு கிடைத்தது முழு நியாயம். அந்த நியாயத்தைத் தங்கைக்குக் கொடுக்காமல் முப்பது வருஷம் இழுத்த அண்ணன்மார்களின் திறமையை நான் மெச்சவில்லை. ஆனால் வழிகாட்டி எழுதுபவன் முன்னோடிகளை மறைக்கக் கூடாது.

நோட்டீஸ்

வக்கீல் நோட்டீஸ் என்பது உறவுமுறையை முறிக்கும் சடங்கு. நேற்றுவரை "ஏண்டா பெரியவனே" என்று கூப்பிட்டவரை இன்றுமுதல் "தாங்கள்" என்று எழுத வேண்டும். "எனது கட்சிக்காரர் மிகவும் அமைதியான சுபாவம் உடையவர்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். முன்பெல்லாம் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்புவார்கள். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபாலே ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. வேகம் என்ற சொல் நம் வழக்குக்குள் நுழைவது அந்த ஓர் இடத்தில்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால் வாங்கவே வேண்டாம். சம்மனும் அப்படியே. அமீனா வரும் நேரம் ஊருக்கே தெரியும். நீங்கள் களத்துமேட்டில் இருங்கள். அவர் கதவில் ஒட்டிவிட்டுப் போவார். அதுவும் செல்லாது என்று தகராறு செய்யலாம். பிறகு பத்திரிகை விளம்பரத்துக்கு உத்தரவாகும். ஊரில் யாரும் வாங்காத பேப்பரில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் அது வெளியாகும். இதற்குள் ஒரு பொங்கலும் ஒரு மே மாத விடுமுறையும் கழிந்திருக்கும்.

பதிலுரை

பதிலுரை எழுத விஷயம் வேண்டியதில்லை. வாதியின் வழக்கு சட்டப்படியும் நியாயப்படியும் நிலைக்கத்தக்கதல்ல என்று தொடங்கி, வெளிப்படையாக ஒப்புக்கொண்டவை நீங்கலாக மற்ற சங்கதிகள் யாவும் பொய், அவற்றை வாதி கண்டிப்பாக நிரூபிக்க வேண்டும் என்று நடத்தி, செலவுத்தொகையுடன் தள்ளுபடி செய்யக் கேட்டு முடிக்கலாம். வாதி தன் தகப்பனார் பெயரை எழுதியிருந்தால் அதையும் மறுத்துவிடுவது வழக்கம். இரண்டு பேருக்கும் தாத்தா ஒருவரே என்பதெல்லாம் பிறகு சாட்சியத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கெடு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1908ஆம் வருஷத்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தை 1999லும் 2002லும் திருத்தினார்கள். பதிலுரைக்கு 30 நாள், காரணம் காட்டினால் 90 நாள், அதற்கு மேல் இல்லை. விசாரணையின்போது ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கிடையாது. வடக்கே யாரோ நன்றாகப் படித்தவர்கள் உட்கார்ந்து எழுதியது. இந்தத் திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர்களில் முன்னால் நின்றது யார் தெரியுமா? சேலம் வழக்கறிஞர் சங்கம். 2002இல் திருத்தங்கள் செல்லும் என்றார்கள். 2005இல் வந்த அடுத்த தீர்ப்பில், அந்த 90 நாள் அசைக்க முடியாத கட்டாயமல்ல, அசாதாரணச் சூழலில் தாண்டலாம், மூன்று வாய்தா கணக்கும் தன் சக்திக்கு மீறிய நிலையில் மாட்டிக்கொண்டவரைக் கட்டாது என்றும் சொன்னார்கள். இதெல்லாம் அபூர்வத்துக்கு என்று தீர்ப்பில் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அபூர்வம் என்பதை அந்தந்த ஊர் கோர்ட்டில்தானே அளக்கிறார்கள்? மாம்பழத்துக்கு அப்புறம் சேலத்தின் பெயரை நாடெங்கும் கொண்டுபோனது இந்த வழக்குதான். இந்தியாவின் எந்தக் கோர்ட்டிலும் தாமதத்தைப் பற்றி வாதம் நடந்தால் யாராவது ஒருவர் "சேலம் பார்" என்பார்.

கெடு தாண்டிப் போய்விட்டதா? எக்ஸ்பார்ட்டி ஆகட்டும், பதற வேண்டாம். தீர்ப்பு தெரிந்து ஒரு மாதம், இரண்டு மாதம், ஒரு வருஷம் கழித்து, அதை ரத்து செய்ய ஒரு மனு, தாமதத்தை மன்னிக்க ஒரு மனு. காரணம் என்ன எழுதுவது என்று யோசித்து மூளையைக் கசக்காதீர்கள். மஞ்சள் காமாலை. தமிழ்நாட்டு அபிடவிட்டுகளை மட்டும் படிக்கும் வெளிநாட்டு மருத்துவர் ஒருவர், இந்த மாநிலத்தில் கல்லீரலோடு எவரும் உயிர்வாழ்வதில்லை என்று முடிவு கட்டிவிடுவார். மஞ்சள் காமாலை வந்து, நாட்டு வைத்தியம் பார்த்து, படுத்த படுக்கையாக இருந்ததால் வக்கீலைத் தொடர்புகொள்ள முடியவில்லை. நாட்டு வைத்தியம் முக்கியம். அதற்கு மருத்துவச் சான்றிதழ் யாரும் கேட்பதில்லை. தாமத மனுக்களில் தாராளமாக நடக்க வேண்டும், வேண்டுமென்றே தாமதித்து ஆதாயம் அடைபவர் எவருமில்லை என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் 1987இல் சொல்லியிருக்கிறது. அந்த நீதியரசர்கள் நம் பங்காளிகளைச் சந்தித்திருக்க வாய்ப்பில்லை.

கமிஷனர் வருகிறார்

வழக்குக்குத் திருவிழா ஒன்று உண்டென்றால் அது அட்வகேட் கமிஷனர் வரும் நாள். இடத்தைப் பார்த்து, அளந்து, வரைபடத்தோடு அறிக்கை தர ஒரு வழக்கறிஞரைக் கோர்ட் அனுப்பும். பெரும்பாலும் சமீபத்தில் தொழிலுக்கு வந்த பிள்ளையாக இருக்கும். கீழ்க்கோர்ட்டுகளில் வெயில் காலத்துக்குக் கறுப்புக் கோட்டு கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது; அந்தப் பிள்ளை மட்டும் சித்திரை வெயிலில் கோட்டோடு வரப்பில் இறங்கும். கோட்டைக் கழற்றினால் சர்வேயர் மதிக்க மாட்டார் என்று பயம்.

இரண்டு தரப்பும் இளநீர் வெட்டி வைத்திருக்க வேண்டும். கமிஷனர் யார் இளநீரைக் குடித்தார் என்பது பிற்பாடு ஆட்சேபணையில் வரும். கெட்டிக்காரக் கமிஷனர்கள் பாட்டிலில் தண்ணீர் கொண்டுவருவார்கள். சர்வேயர் எல்லைக்கல்லைத் தேடுவார். நீங்கள் ஒரு கல்லைக் காட்டுங்கள். பங்காளி வேறொன்றைக் காட்டுவார். இரண்டுமே துணி துவைக்கிற கல் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார். அவரை அப்புறப்படுத்துவதில் மட்டும் இரு தரப்பும் ஒற்றுமையாகச் செயல்படலாம்.

பிறகு மரங்கள். நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறது என்று கமிஷனர் சொல்லக் கூடாது, அது கோர்ட் தீர்மானிக்க வேண்டியது. ஆனால் கண்ணில் பட்டதைக் குறிக்கலாம். தென்னைக்கு வயதும் சொல்லலாம். அங்கேதான் சூட்சுமம்.

"அண்ணே, இந்த மரத்துக்கு எத்தனை வருஷம்?"

"எங்கப்பா வச்சது சார். இருபத்தஞ்சுக்குக் குறையாது."

"சார், அந்த ஆளு சொல்றதை எழுதாதீங்க. நாலு வருஷத்துக்கு முந்தி ராத்திரியோட ராத்திரியா நட்டது. நானே பார்த்தேன்."

"பார்த்தவன் அப்பவே கேட்க வேண்டியதுதானே?"

கமிஷனர் "சுமார் 15" என்று எழுதுவார். இருபத்தைந்துக்கும் நான்குக்கும் நடுவில் சட்டக் கல்லூரி அவருக்குக் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான். அந்தச் "சுமார்" ஒன்றை வைத்து இரண்டு தரப்பும் ஆட்சேபணை போடலாம், அவரையே கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம், அந்த அறிக்கையை நீக்கிவிட்டு வேறு கமிஷனர் போடக் கேட்கலாம். மறுத்தால் அரசமைப்புச் சட்டம் 227ஆம் பிரிவில் உயர் நீதிமன்றத்துக்குச் சீராய்வு. புது கமிஷனர் வருவதற்குள் மரத்துக்கு உண்மையிலேயே பதினைந்து வயது ஆகிவிடும். தென்னை நம்மைப்போல வாய்தா வாங்குவதில்லை.

கோர்ட் நாள்

வாய்தா கேட்பது நீங்கள் நினைப்பதுபோல் வக்கீலின் வேலை அல்ல. அது ஜூனியரின் வேலை. சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் என்று சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் ஜூனியர். அவர் கையில் கட்டு இருக்கும். கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் நீதிபதி "அப்படியானால் நீங்களே நடத்துங்கள்" என்று சொல்லிவிடும் அபாயம் உண்டு. அந்தப் பிள்ளையைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயாவது, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. சொன்னது எல்லா அலுவலகங்களுக்கும் கேட்டிருக்கிறதா என்பதை, மதியம் பார் அசோசியேஷன் கேண்டீனில் தயிர் சாதத்தை இரண்டாகப் பங்குபோட்டுச் சாப்பிடும் கோட்டுகளைப் பார்த்து நீங்களே ஊகிக்கலாம். தாலுகா ஊரிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரி, பெட்ரோலுக்கு வீட்டில் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, உங்கள் வரப்புக்காக நிற்கிறார். வழிகாட்டியில் சொல்ல வேண்டிய விஷயமல்ல இது. போகிற போக்கில் ஒரு காபி வாங்கிக் கொடுங்கள்.

உங்கள் உண்மையான வக்கீல் குமாஸ்தாதான். இரண்டு கட்டுகள் ஒரே மாதிரி இருந்தாலும் கயிற்றின் முடிச்சைப் பார்த்தே எது எந்த வழக்கு என்பார். எந்த எழுத்தர் எப்போது லீவு, எந்த பெஞ்சில் எது நகரும், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இப்போது வழக்குக்கு வழக்கு 16 இலக்கத்தில் சி.என்.ஆர். என்று ஒரு எண் கொடுத்து, செல்போனிலேயே அடுத்த தேதியைக் காட்டுகிறார்கள். பார்த்துக்கொள்ளுங்கள், பார்த்ததைக் குமாஸ்தாவிடம் சொல்லாதீர்கள். தேதியை அவர் வாயால் கேட்டு, துண்டுச்சீட்டில் வாங்கி, செலவுக்குக் கொடுப்பதே மரியாதை.

"என்னண்ணே, இன்னைக்கு நடக்குமா?"

"நடக்கும் நடக்கும். நடக்கலைன்னா தேதி வாங்கிக்கலாம்."

டவாலி உங்கள் பெயரைக் கூப்பிடுவார். எந்தத் தமிழனும் தன் பெயர் என்று கண்டுபிடிக்க முடியாத உச்சரிப்பில் இருக்கும். பங்காளி எழுந்தால் நீங்களும் எழுந்துவிடுங்கள்.

தப்பித்தவறி விசாரணைக்கு வந்துவிட்டால், கூண்டில் நிற்பது சுலபம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டுக்கொண்டே வந்து, நீங்கள் பொய் சாட்சி சொல்கிறீர்கள் என்பார். "சரியல்ல" என்று சொல்லிவிட்டு இறங்கவும். நாட்டில் இதுவரை ஒரு சாட்சிகூட அந்தக் கேள்விக்கு "சரிதான்" என்று சொன்னதாக எனக்குத் தெரியாது. ஆனாலும் கேட்பார்கள்.

இறப்பு

இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் நீண்ட ஆயுளுள்ள வழக்குக்கு மனிதரின் குறைந்த ஆயுள் பெரிய உதவி. கட்சிக்காரர் இறந்தால் 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அற்றுப்போனதை ரத்து செய்ய இன்னொரு 60 நாள். அதுவும் போனால் மறுபடி மஞ்சள் காமாலை. இறந்த செய்தியைக் கோர்ட்டுக்குத் தெரிவிப்பது அவருடைய வக்கீலின் கடமை என்று சட்டம் சொல்கிறது. வக்கீலுக்குத் தெரிவிப்பது யார் கடமை என்று சட்டம் சொல்லவில்லை. கருமாதிப் பத்திரிகை அச்சடிக்கும்போது வக்கீல் பெயரை விட்டுவிடுங்கள், போதும். வாரிசுகளில் ஒருவர் மலேசியாவில் இருந்தால் அதிர்ஷ்டம். ஊரறியாத இரண்டாம் தாரம் ஒன்று வெளிப்பட்டால், வழக்கு அடுத்த தலைமுறையைத் தொட்டுவிட்டது என்று தைரியமாக மூச்சு விடலாம்.

தோற்றாலும் ஜெயித்தாலும்

தீர்ப்பு வந்துவிட்டதே என்று சோர்ந்து உட்காராதீர்கள். முதல் மேல்முறையீடு இருக்கிறது. அதற்குமேல் உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு. அங்கே முக்கியமான சட்டப் பிரச்சினை இருந்தால்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றரை சென்ட் வரப்பில் என்ன சட்டப் பிரச்சினை என்று உங்களுக்குத் தோன்றும். சென்னை வக்கீலுக்கு ஐந்து தோன்றும். கீழே எல்லாம் தமிழில் நடந்தது, மேலே ஆங்கிலம். ஆகவே பனைமரத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, டைப் அடித்து, பக்கம் போட்டுக் கட்ட வேண்டும். தென்மாவட்டத்துக்காரர்கள் 2004க்கு முன்பு இதற்காகப் பாண்டியன் எக்ஸ்பிரஸில் போய்வந்தார்கள். மதுரைக் கிளை வந்தபிறகு அந்தப் பிரயாண சுகம் போயிற்று.

எதிரி எல்லாவற்றிலும் ஜெயித்துவிட்டாரா? நல்லது. இனிமேல்தான் அவர் நிறைவேற்று மனுப் போட வேண்டும். டிக்ரி வாங்கிய பிறகுதான் இந்திய வழக்காளியின் கஷ்டம் தொடங்குகிறது என்று லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் 1872லேயே சொல்லிவிட்டது. நடைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளையில் மட்டும் 106 விதிகள். அமீனா சுவாதீனம் எடுக்கும் உத்தரவோடு வரும்போது, வழக்கில் இதுவரை பெயர் வராத உங்கள் சகலை வாசலில் நின்று, இடம் என்னுடையது என்று தடுக்கட்டும். அதையும் ஒரு வழக்குபோலவே விசாரிப்பார்கள். 2025 மார்ச்சில், 1980களில் தொடங்கிய தமிழ்நாட்டு வழக்கு ஒன்றை முடித்துவைத்த உச்ச நீதிமன்றம், தேங்கிக் கிடக்கும் நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று எல்லா உயர் நீதிமன்றங்களுக்கும் உத்தரவிட்டது. 2021லும் இதே ஆறு மாதத்தைத்தான் சொன்னார்கள். கவனமாக இருங்கள், ஆனால் கலங்க வேண்டாம்.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. மக்கள் நீதிமன்றம். அங்கே சமரசமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதுவே டிக்ரி, மேல்முறையீடு கிடையாது, கட்டிய கோர்ட் கட்டணத்தையும் கையில் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பேரனுக்கு ஒன்றும் மிஞ்சாது. அதைவிட மோசம் சமரச மையம். 2005இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தொடங்கிப் பிறகு மாவட்டங்களுக்கெல்லாம் பரவியது. கூண்டு கிடையாது, மேடை கிடையாது, ஒரு மேஜை, நாலு நாற்காலி. வக்கீலைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு உங்களையும் பங்காளியையும் எதிரெதிரே உட்காரவைப்பார்கள். இத்தனை வருஷமாக நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நேராக ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள். பேச வேண்டியதையெல்லாம் ஆளுக்கொரு கட்டாகக் கட்டிக் கோர்ட்டில் கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் சர்வே எண்ணைப் பற்றிப் பேசினால் பயமில்லை, நீங்களும் பேசுங்கள். தென்னையின் வயதைப் பற்றிப் பேசினால் குரலை உயர்த்துங்கள். ஆனால், "அண்ணிக்கு இப்ப முட்டி வலி எப்படியிருக்கு?" என்று கேட்டால் மட்டும் பதில் சொல்லாதீர்கள். வக்கீலைக் கலந்துகொண்டு அடுத்த தேதியில் தெரிவிப்பதாகச் சொல்லிவிட்டு, உடனே எழுந்து வந்துவிடவும்.